பெயர் கூப்பிடாத பஸ்

வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். விரலெல்லாம் கறை. போன் அடித்ததும் முழங்கையால் அழுத்தி எடுத்து, தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். என் மகன் ஜோயல் வேலைக்குப் போகும் மையத்திலிருந்து ஸ்டெல்லா சிஸ்டர்.

"என்ன டீச்சர், ஜோயலுக்கு உடம்பு சரியில்லையா? இன்னைக்கு வரலையே."

அவன் காலையிலேயே கிளம்பிவிட்டான். தெருமுனையில் அவன் பஸ் ஏறியதை நானே வாசலில் நின்று பார்த்தேன். இப்போது வெயில் ஏறி, சமையலறைத் தரையில் பாதி தூரம் வந்துவிட்டது. வழக்கமாக அவன் பஸ்ஸில் இருக்கும் நேரம் அரைமணிகூட இல்லை.

அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அதை அணைத்தது நினைவிருக்கிறது. கதவைப் பூட்டியது நினைவில்லை.

போன வாரம் இந்தத் தொடரை, வீட்டில் டியூஷன் ஆரம்பித்த கதையில் விட்டிருந்தேன். முறைப்படி அங்கிருந்துதான் தொடர வேண்டும். உட்கார்ந்து பார்த்தேன், ஓடவில்லை. பழைய நாட்களை எழுத மனம் நிலையாக இருக்க வேண்டும் போலிருக்கிறது. எனக்கு இன்னும் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால்கூட நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அதனால் இந்த வாரம் சமீபத்தில் நடந்ததை எழுதிவிடுகிறேன். வரிசை தப்புவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பிப் பார்க்காத பிள்ளை

ஜோயலுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. ஆட்டிசம் என்ற வார்த்தையை இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் பக்கத்தில் யாருக்கும் அது தெரியாது. "பையன் கொஞ்சம் மெதுவு" என்பார்கள். "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்பார்கள்.

டாக்டர் முதலில் செய்த சோதனை எனக்கு மறக்காது. பிள்ளை தரையில் உட்கார்ந்து ஒரு மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். அவர் அவனுக்குப் பின்னால் போய் நின்று, "ஜோயல்" என்றார். இன்னொரு தடவை சொன்னார். பிறகு என்னைக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று ஏற்கெனவே பார்த்துச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் தாளில் ஏதோ எழுதிக்கொண்டார். அவர் எழுதி முடிக்கும் வரை நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

எங்கள் சபையில் ஞானஸ்நானத்தின்போது போதகர் ஐயர் பிள்ளையைக் கையில் வாங்கி, பெயரைச் சபை முழுக்கக் கேட்கும்படி சொல்வார். அன்று அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை பேர் திரும்பினார்கள். அந்தப் பெயருக்கு உரியவன் மட்டும் வருஷக்கணக்கில் திரும்பவே இல்லை.

பேச்சு வந்தது. எழுத்தும் ஓரளவு வந்தது. கூப்பிட்டால் திரும்பும் பழக்கம் மட்டும் வரவில்லை. கூப்பிடும் குரலுக்கு அவன் அசைந்ததே பஸ் கண்டக்டர் ஒருவர் வந்த பிறகுதான்.

அவனுக்கு மெழுகுவத்தி மையத்தில் இடம் கிடைத்த புதிதில் நானும் கூடவே பஸ்ஸில் போவேன். ஜன்னலோர இருக்கையில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருவான். சேகர் என்று ஒரு கண்டக்டர். நிறுத்தம் வருவதற்கு முன்பே, தொண்டையிலிருந்து இழுத்து, "மரகதம்... மரகதம் ஹாலெல்லாம் எறங்கு" என்று ஒரு குரல் கொடுப்பார். ஒருநாள் நான் தோளைத் தொடுவதற்கு முன் ஜோயல் தானாகவே எழுந்து நின்றான். நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அவன் வாசலுக்குப் போனான், கம்பியைப் பிடித்தான், இறங்கினான்.

அழைத்த குரலுக்கு என் பிள்ளை எழுந்த முதல் நாள் அது.

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நான் விலகினேன். முதலில் பின் இருக்கைக்கு. பிறகு பஸ் ஏற்றிவிட மட்டும். பிறகு வாசல் வரை. மஸ்கட்டில் இருக்கும் என் கணவர் வீடியோவில் இதைக் கேட்டு அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

ஒரு கட்டடமும் இரண்டு கட்சியும்

மரகதம் ஹாலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ரைஸ்மில் முதலாளி ஒருவர், செத்துப்போன மனைவியின் பெயரில் கட்டியது. வளைவான முகப்பு, தடித்தடியான தூண்கள், மேலே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி ஜன்னல்கள். கல்யாணம், கண்காட்சி, அரசுத் தேர்வு, ஆடித் தள்ளுபடி, புயல் வந்தால் சோற்றுப் பொட்டலம், எல்லாம் அங்கேதான். தஞ்சாவூரில் யாரிடம் வழி கேட்டாலும், "மரகதம் ஹாலிலிருந்து..." என்றுதான் தொடங்குவார்கள்.

எங்கள் கல்யாண வரவேற்பும் அங்கேதான் நடந்தது. நடுவில் கரண்ட் போய்விட்டது. கண்ணாடி வழியே வந்த தெருவிளக்கின் சிவப்பு வெளிச்சத்தில் என் கணவர் முகம் யாரோ போல் இருந்தது. பயந்துபோய் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். கட்டினவரைப் பார்த்தே பயந்தாயா என்று வெகுநாள் கேலி செய்வார். இப்போதும் வாரம் ஒருமுறை போன் திரையில் அவர் முகத்தைப் பார்க்கும்போது சில நேரம் அந்த ஞாபகம் வரும்.

கூரை ஒழுகுகிறது என்று மூடினார்கள். செப்பனிட்டுத் திறக்கும்போது வேறு பெயர் வைப்பதாக அறிவிப்பு வந்தது. ஊருக்கு உழைத்த பெரியவர் ஒருவரின் பெயர். நல்லவர்தான். அந்தப் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். எழுதினால் அவரை மதிக்கிறேனா இல்லையா என்று அளந்து பார்ப்பார்கள்.

ஊர் இரண்டாகப் பிளந்துவிட்டது. "பணக்காரன் பொண்டாட்டிங்கிறதத் தவிர அந்தம்மா என்ன பண்ணுச்சு?" என்று ஒரு பக்கம். "பெரியவருக்குப் பேர் வைக்கணும்னா புதுசா ஒண்ணு கட்டி வைங்க, அடுத்தவன் கட்டினதுல ஏன் ஒட்டறீங்க?" என்று இன்னொரு பக்கம். இரண்டிலும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. ஆனால் இரண்டிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்கிறவர்களுக்குத்தான் அந்த நாட்களில் ஊரில் இடமில்லாமல் இருந்தது.

புது எழுத்துகள் மேல் தார் பூசினார்கள். மறுநாள் பழைய கல்வெட்டின் மூலையை உடைத்தார்கள். கடையடைப்பு, ஊர்வலம், உண்ணாவிரதப் பந்தல். கல்யாணப் பத்திரிகைகளில் "ரயிலடி அருகிலுள்ள மண்டபம்" என்று அச்சடித்தார்கள். 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று எழுதியிருந்த டீக்கடையில் அதன் கீழேயே 'ஹால் பேச்சும் பேசாதீர்' என்று சாக்பீஸில் சேர்த்திருந்தது. எங்கள் சபை ஐயர்கூட நகரத்தின் சமாதானத்துக்காக ஜெபித்தபோது, எதனால் சமாதானம் கெட்டது என்பதைச் சொல்லாமல் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

நான் டிவியை நிறுத்திவிட்டு டியூஷன் பிள்ளைகளுக்கு முக்கோணவியல் நடத்தினேன். நமக்கும் இதற்கும் என்ன என்றுதான் நினைத்தேன்.

நான் அறியாத ஒன்று நடந்திருந்தது. பஸ்ஸில் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட சேகரை ஒருவர் கன்னத்தில் அறைந்திருக்கிறார். "புதுப் பேரு வாயில வராதா?" அடுத்த நாள் இன்னொரு கண்டக்டர் புதுப் பெயரைச் சொல்ல, பின் இருக்கையிலிருந்து தண்ணீர் பாட்டில் பறந்து வந்திருக்கிறது. யாரும் உத்தரவு போடவில்லை. கண்டக்டர்கள் தங்களுக்குள்ளேயே முடிவு செய்துகொண்டார்கள். அந்த நிறுத்தத்தில் எந்தப் பெயரையும் கூப்பிடுவதில்லை. ஜோயல் வராமல்போன அந்தக் காலையிலிருந்து விசில் மட்டும்.

ஊரில் எல்லோருக்கும் அது போதும். கட்டடம் கண் முன்னால் நிற்கிறதே.

அந்தப் பகல்

முதலில் மையத்துக்கு ஓடினேன். ஜோயலின் இடத்தில் திரிகள் வெட்டாமல் கிடந்தன. அவன் வெட்டும் திரிகள் எல்லாம் ஒரே நீளத்தில் இருக்கும், அளவுகோல் வேண்டாம். அந்த வேலையை வேறு யாருக்கும் சிஸ்டர் கொடுப்பதில்லை.

அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷன். ஒரே ஒரு பெண் காவலர் இருந்தார். "எல்லாரும் ஹாலுக்கு பந்தோபஸ்து போயிருக்காங்கம்மா, உக்காருங்க" என்றார். என்னால் உட்கார முடியவில்லை. ஒரு பெயரைக் காவல் காக்க இத்தனை பேர் போயிருக்கிறார்களே என்று தோன்றியது. அவரிடம் சொல்லிப் பயனில்லை. அடையாளம் சொன்னேன். நீலச் சட்டை, தோளில் சாப்பாட்டுப் பை, வெளியாள் தொட்டால் சத்தம் போடுவான், கூப்பிட்டால் திரும்ப மாட்டான். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

பிறகு ஆஸ்பத்திரி. பிறகு பெரிய கோயில் புல்வெளி. பிறகு பஸ் ஸ்டாண்டு. ஒவ்வொரு இடத்திலிருந்தும் யாருக்காவது போன் செய்துகொண்டே இருந்தேன். சபையார், டியூஷன் பிள்ளைகளின் பெற்றோர், ஆட்டோக்காரர்கள். மஸ்கட்டுக்கும் செய்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவர், "நீ ஏன் அவனைத் தனியா அனுப்பின?" என்றார்.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் அது ஒரு மேஜையைப் போல அப்படியே கிடக்கிறது. இருவரும் சுற்றிக்கொண்டு போகிறோம்.

பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் பெண் ஒருத்தி அவனைப் பார்த்திருந்தாள். ஒவ்வொருவரிடமும் போய், "மரகதம் ஹால் எங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தானாம். ஒருவர் சிரித்தாராம். ஒருவர் முறைத்தாராம். கடைசியில் ஒரு ஆள் நின்று, அமைதியாகத்தான் சொன்னாராம்: "மரகதமெல்லாம் இனிமே இல்ல தம்பி. அது போயிடுச்சு."

அந்த மனிதர் ஜோயலுக்குச் சொல்லவில்லை. ஊருக்குச் சொன்னார். ஆனால் ஜோயலுக்குச் சொன்னது சொன்னதுதான். இல்லை என்றால் இல்லை. போயிடுச்சு என்றால் போய்விட்டது.

பிறகு எந்த பஸ்ஸில் ஏறினான் என்று அவள் கவனிக்கவில்லை. கிராக்கி வந்துவிட்டதாம்.

நன்னிலம்

வெயில் சாயத் தொடங்கியபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கரகரத்த பெண் குரல்.

"ஏம்மா, எம்புட்டு நேரமா அடிக்கிறது? எப்பப் பாத்தாலும் பிசி பிசிங்குது. ஒங்க புள்ள நன்னிலம் பஸ் ஸ்டாண்டுல எங்கிட்ட இருக்கு."

நான் ஊரெல்லாம் போன் செய்துகொண்டிருந்த நேரம் முழுக்க அவள் எனக்கு அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அழத் தொடங்கிவிட்டேன். அவளே பேசினாள். "அழுவாதீங்க. நல்லாத்தான் இருக்கு. கருவாட்டுக் கூடை பக்கத்துல உக்காந்துக்கிட்டு மூக்கப் பொத்திக்கிட்டிருக்கு. தள்ளி உக்காருன்னாலும் கேக்கல. நம்பர மட்டும் கடகடன்னு சொல்லுது." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "மரகதம் போயிடுச்சு, மரகதம் போயிடுச்சுங்குதே. யாரும்மா அது? கட்டிக்கப் போற பொண்ணா?"

அன்றைக்கு நான் சிரித்த ஒரே தடவை அதுதான். சிரித்தேனா அழுதேனா என்று பக்கத்தில் நின்றவர்களைத்தான் கேட்க வேண்டும்.

வாடகைக் கார் பிடித்துப் போனேன். டிரைவர் வழியில் ஹால் பேச்சை எடுத்தார். நான் பதில் சொல்லாததால் பாட்டுப் போட்டுக்கொண்டார். சம்பா அறுவடை முடிகிற சமயம். ரோட்டின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அறுவடை மெஷின்கள் எழுப்பிய தூசியில் தொண்டை அரித்தது. அய்யம்பேட்டை, பாபநாசம், சுவாமிமலைக்குத் திரும்பும் வழி, கும்பகோணம், குடவாசல் என்று ஒவ்வொரு பெயர்ப் பலகையையும் வாசித்துக்கொண்டே போனேன். இத்தனை பெயர்களையும் அவன் பஸ்ஸில் கேட்டிருப்பான். ஒன்றாவது தன்னுடையதாக இருக்குமா என்று பார்த்துக்கொண்டே போயிருப்பான்.

நன்னிலத்தில் அவன் சிமெண்டுப் பலகையில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பெண் நாகூர்ப் பக்கத்துக்காரி. வீட்டு ஆண்கள் கடலுக்குப் போகிறார்கள், இவள் கருவாட்டைச் சந்தை சந்தையாகக் கொண்டுபோய் விற்கிறாள். கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸை எனக்காக விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டதும், "மீன் கை, விடுங்க" என்றாள். நான் விடவில்லை.

காரில் திரும்பும்போது அவனைக் கேட்டேன். சண்டை போடுகிற மாதிரி இல்லாமல் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் பழகிப் பார்த்துக்கொண்டு கேட்டேன். பஸ் ஹாலைத் தாண்டும்போது நீ பார்க்கவில்லையா?

"பாத்தேன்" என்றான்.

"பச்சைக் கண்ணாடி பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன்டா எறங்கல?"

ஜன்னலையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "கூப்பிடல."

இரண்டு பக்கத்து விருந்தாளிகள்

மறுநாளிலிருந்து ஜோயல் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. குளித்தான், நீலச் சட்டை போட்டுக்கொண்டான், சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டான், கட்டிலில் உட்கார்ந்தான். பஸ் நேரம் கடந்ததும் பையைக் கழற்றினான். கேட்டால், "மரகதம் போயிடுச்சு." ஆட்டோவில் அழைத்துப் போய் ஹாலுக்கு எதிரிலேயே நிறுத்திக் காட்டினேன். இறங்க மாட்டேன் என்று கத்தி, தன் கையைத் தானே கடித்துக்கொண்டான்.

திரும்பிப் பார்க்காமல் இருந்த அந்தச் சின்னப் பிள்ளை மறுபடி வீட்டுக்குள் வந்துவிட்டதைப் போல் இருந்தது. வருஷக்கணக்கில் வந்த வழி முழுவதும் ஒரு பகலில் மூடிக்கொண்டது. நான் சாகும்போது இவன் இந்தக் கட்டிலில் இப்படியே உட்கார்ந்திருப்பானோ என்ற பயம் எனக்குப் புதிதில்லை. அது என்னோடு குடியிருப்பது. ஆனால் அந்த நாட்களில் அது என்னை எழுப்பிவிட்டுத் தான் படுத்துக்கொண்டது.

விஷயம் எப்படியோ வெளியே போயிற்று. முதலில் பழைய பெயர்க்காரர்கள் வந்தார்கள். வெள்ளை வேட்டி, மரியாதையான மனிதர்கள். இதைவிட என்ன சாட்சி வேண்டும் டீச்சர் என்றார்கள். பையனைப் பந்தலுக்கு அழைத்து வந்தால் போதுமாம். மேடையில் அந்தப் பெயரை ஒரே ஒரு தடவை அவன் சொன்னால் போதுமாம். ஒருவர் அவன் தோளில் கை வைக்கப் போனார். நான் நடுவில் புகுந்து காபி டம்ளரை நீட்டினேன்.

அன்று சாயங்காலமே மற்ற பக்கத்தார் வந்தார்கள். அவர்களும் மரியாதையானவர்கள்தான். இதைப் பெரிசு பண்ணாதீங்க, உங்க கஷ்டம் புரியுது, தினமும் போய்வர ஒரு ஆட்டோவை நாங்களே ஏற்பாடு பண்ணித் தருகிறோம் என்றார்கள். அவர்களுக்கும் காபி கொடுத்தேன். அதே டம்ளர்களைத்தான் கழுவி வைத்திருந்தேன்.

இருவரிடமும் நான் கேட்டது ஒன்றுதான். பஸ்ஸில் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாராவது ஏற்பாடு செய்ய முடியுமா?

முதலில் வந்தவர் கேட்டார்: "எந்தப் பேரைச் சொல்றீங்க?"

பின்னால் வந்தவரும் அதையேதான் கேட்டார்.

அவன் அறிந்த பேரை என்று சொன்னேன். முதலில் வந்தவர்கள் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டுப் போனார்கள். பின்னால் வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். சபையில் சிலர், நீ அந்தப் பக்கமாமே என்றார்கள். தெருவில் சிலர், ஆட்டோ வாங்கிக்கொண்டாயாமே என்றார்கள். டியூஷனுக்கு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் குறைந்தார்கள். அதில் மட்டும் ஊர் ஒற்றுமையாக இருந்தது.

சேகரைத் தேடிப் போனேன். டெப்போ வாசலில் நின்று பேசினார். கன்னத்தில் இப்போது ஒன்றும் இல்லை, ஆனால் பேசும்போது கை அங்கே போய்ப் போய் வந்தது. "தம்பிய நான் தோளத் தட்டி எறக்கி விட்டுர்றேன் மேடம்" என்றார். தொட்டால் ஆகாது என்றேன். "அப்ப நீ எறங்குப்பான்னு சொல்றேன்." அதற்கு எழுந்திருக்க மாட்டான் என்றேன். அவர் தலை குனிந்துகொண்டார். "எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு மேடம். சத்தமா மட்டும் சொல்லச் சொல்லாதீங்க."

சத்தமாகச் சொன்னால்தான் அது கூப்பிடுவது. அது அவருக்கும் தெரிந்திருந்தது.

பின் வாசல்

ஜோயலுக்கு நான் சொன்னது ஒரே வாக்கியம். "மரகதம் போகலடா. நாளைக்குக் கூப்பிடுவாங்க."

யார் என்று அவன் கேட்கவில்லை. மறுநாள் காலை கட்டிலிலிருந்து எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டான்.

அவன் முன்வழியாகப் போய்ச் சேர்வதற்குள் நான் கொல்லைப் பக்கச் சந்தில் இறங்கி, வேகமாக நடந்து நிறுத்தத்தின் மறு ஓரத்தில், சிமெண்டு விளம்பரப் பலகைக்குப் பின்னால் நின்றேன். பஸ் வந்தது. அவன் முன் வாசலில் ஏறினான். நான் பின் வாசலில். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ் அது. கண்டக்டர் கையில் ஒரு சீட்டைத் திணித்துவிட்டுப் போனார். சேகர் இல்லை, வேறு ஒரு இளைஞர்.

அவன் திரும்பிப் பார்ப்பானோ என்ற கவலை எனக்கு இல்லை. அந்த ஒன்றில் மட்டும் என் பிள்ளையை நான் முழுசாக நம்பலாம்.

மெடிக்கல் காலேஜ் தாண்டியது. நான் வகுப்பில் தவிர வேறெங்கும் குரல் உயர்த்தியவள் இல்லை. மளிகைக் கடையில்கூட என் முறை வரும் வரை நிற்பவள். பஸ் நிறைய ஆட்கள். யார் எந்தப் பக்கம் என்று முகத்தில் எழுதியிருக்கவில்லை. வளைவு திரும்பியதும் பச்சைக் கண்ணாடி தெரிந்தது. முகப்பில் தார் வழிந்த எழுத்துகள், கீழே போலீஸ் வண்டி. பஸ் வேகம் குறைந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். ஆட்கள் பேசாமல் எழுந்து, பேசாமல் இறங்கினார்கள். ஜோயல் எழவில்லை. அவன் பிடரி அசையாமல் இருந்தது.

இன்னும் ஒரு விசிலில் பஸ் கிளம்பிவிடும்.

"மரகதம்" என்றேன். காற்றுத்தான் வந்தது. எச்சில் விழுங்கிக்கொண்டு சேகரைப் போலவே இழுத்தேன். "மரகதம்... மரகதம் ஹாலெல்லாம் எறங்கு."

பஸ் முழுவதும் திரும்பியது. ஒருவன் மட்டும் திரும்பவில்லை. அவன் எழுந்தான். பையைச் சரிசெய்துகொண்டான். கம்பியைப் பிடித்து, படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி, போலீஸ் வண்டியைச் சுற்றிக்கொண்டு, ஹாலுக்குப் பக்கத்துச் சந்தில் போய் மறைந்தான்.

எனக்கு இறங்கத் தோன்றவில்லை. இறங்கினால் அவன் பின்னால் போவேன். பஸ் நின்ற இடத்திலேயே நின்றது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் முழு உடம்பையும் திருப்பி, "அந்தப் பேரை எடுத்தாச்சேம்மா, தெரியாதா?" என்றார். கோபமாகத்தான் சொன்னார்.

"தெரியும்ங்க" என்றேன். "எம் புள்ளைக்குத் தெரியாது."

அவர் ஜன்னல் வழியே அந்தச் சந்தைப் பார்த்தார். கண்டக்டர் இரண்டு விசில் ஊதினார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பையை எடுத்துக்கொண்டு முன் இருக்கைக்கு மாறிவிட்டாள். வம்பு எதற்கு என்று நினைத்திருப்பாள். அவள் இடத்தில் நானாக இருந்தால் நானும் மாறியிருப்பேன்.

அதிலிருந்து தினமும் போகிறேன். காலையில் கூப்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வருகிறேன். ஊர் இப்போது அடங்கிவிட்டது. பெயர் வழக்குக்குப் போயிருக்கிறது, பந்தலைப் பிரித்துவிட்டார்கள். ஆனால் பஸ்ஸில் இன்னமும் விசில்தான். தினமும் வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். சிலர் நான் ஏறியதும் சிரிப்பார்கள், சிலர் முணுமுணுப்பார்கள். பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். தொண்டை கட்டிவிடக் கூடாதே என்று ராத்திரி உப்புத் தண்ணீர் கொப்பளித்துவிட்டுப் படுக்கிறேன். எனக்கு உடம்பு முடியாமல் போனால் யார் கூப்பிடுவார்கள் என்பதை யோசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த முதல் நாள், சாயங்காலம் மட்டும் ஓடும் மையத்து வேனில் அவன் வந்து இறங்கினான். கையெல்லாம் மெழுகு வாசனை. தட்டு வைத்தேன். சோற்றையும் குழம்பையும் தனித்தனியாக வைத்தேன், கலந்தால் சாப்பிட மாட்டான். வாழைக்காய் வறுவல் வைத்திருந்தேன்.

பாதி சாப்பிட்டபின், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இன்னைக்குக் கூப்பிட்டாங்க."

"அப்படியா. யாரு?"

"கண்டக்டர்."

சரி என்றேன். இன்னும் கொஞ்சம் வறுவல் வைத்தேன்.